நாலு கிலோ செம்பும் ஒன்பது மாதமும்: புகார் கொடுத்தவனின் திறந்த மடல்

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை இயக்குநர் அவர்களுக்கும்,

போன வாரம் செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொன்றே காலுக்கு எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு ஜீப் வந்து நின்றது. அம்மன் கோயில் உண்டியலை யாரோ உடைத்திருக்கிறார்கள். அதற்காக, தூங்கிக்கொண்டிருந்த 17 வயதுப் பையன் ஒருவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். விடிந்ததும் "சும்மா விசாரிச்சோம்" என்று அனுப்பிவிட்டார்கள். இத்தனை வீடு இருக்க நேராக அவன் வீட்டுக்கு ஏன் வந்தார்கள் என்றால், 2024 செப்டம்பரில் அவன் மேல் ஒரு திருட்டு வழக்குப் பதிவானது. அந்த வழக்கில் புகார் கொடுத்தவன் நான். அதனால்தான் இதை நானே எழுத வேண்டியிருக்கிறது.

ஊர் பெயரையும் ஸ்டேஷன் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் பையன் யாரென்று தெரிந்துவிடும். சிறாரின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் கிடைக்கலாம் என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. எனக்கு அந்தப் பயம் இருக்கிறது. அக்கம்பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் திறந்து எட்டிப் பார்க்க, ஜீப்பை நடுத்தெருவில் நிறுத்திக் கூட்டிப் போனவர்களுக்கு அது இருந்த மாதிரித் தெரியவில்லை. முடிந்துபோன வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்கோ வேறு எதற்குமோ போலீஸ் வெளியே சொல்லக் கூடாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை. கிணற்று மோட்டார், சப்மெர்சிபிள், கிரைண்டர், மிக்சி, எல்லாம் வரும். எரிந்துபோன காயிலிலிருந்து அறுத்தெடுத்த பழைய செம்பைச் சாக்கில் கட்டி, பட்டறைக்கு வெளியே தகரக் கொட்டகை ஓரமாகப் போட்டு வைப்பேன். மாதம் ஒரு தடவை எடைக்குப் போடுவேன். அன்றைக்கு அதில் நாலு கிலோ சொச்சம் இருந்தது, எப்படிப் பார்த்தாலும் 2,500 ரூபாய்ச் சரக்கு. காலையில் வந்து பார்த்தால் சாக்கைக் காணோம். எதிர் மளிகைக் கடைக்காரர் கேமராவைப் போட்டுக் காட்டினார். பக்கத்துத் தெருப் பையன், பத்தாம் வகுப்பு படிக்கிறவன். அப்பா இல்லை. அம்மா நூல் மில்லில் ஷிப்டு வேலை.

கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் இரண்டு தடவை இப்படித் தொலைத்தவன் நான். நேராக ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். கொடுக்கும்போது, "கூப்பிட்டு ஒரு மிரட்டு மிரட்டி விடுங்க சார், பொருள் வந்தா போதும்" என்றேன். நம் ஊரில் எல்லோரும் ஸ்டேஷன் வாசலில் சொல்கிற வசனம்தான். மிரட்டுவது என்றால் அங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்தே சொன்னேன் என்பதை இன்று நினைத்தால் கூசுகிறது.

சாயங்காலம் டியூஷன் வாசலிலேயே வைத்து, யூனிஃபார்ம் போட்ட இரண்டு பேர் அவனை ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். லாக்கப்பில் அடைக்கவில்லை, அதுவரைக்கும் சரி. ரைட்டர் மேஜைக்குப் பக்கத்தில் தரையில் ராத்திரி முழுக்க உட்கார வைத்திருந்தார்கள். செம்பு காயலான் கடையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. நாலு கிலோவை ஒரு பள்ளிக்கூடப் பையன் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும்போது ஏதென்று ஒரு வார்த்தை கேட்காமல் 1,400 ரூபாய்க்கு வாங்கிப் போட்ட கடைக்காரர் மேல், அவர் வயது ஐம்பதுக்கு மேல், ஒரு வழக்கும் இல்லை. பையன் மேல் எஃப்.ஐ.ஆர். அதுவும் கட்டடத்துக்குள் புகுந்து திருடியதாக, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவில். என் சாக்கு கட்டடத்துக்குள் இல்லை, வெளியே கிடந்தது, புகாரிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று அப்போது புரியவில்லை. வெளியே கிடந்ததை எடுத்தால் 303ஆம் பிரிவு, அதிகபட்சம் மூன்று வருடம், சிறார் சட்டப்படி சிறு குற்றம். 305 என்றால் ஏழு வருடம் வரை, அது கடுமையான குற்றம் என்கிற வகைக்குப் போய்விடும். இடம் எது என்று எழுதிய ஒரே வரியில் வகையே மாறிப்போனது. கூடவே அந்த ஏரியாவில் துப்புக் கிடைக்காமல் கிடந்த இரண்டு பழைய புகார்களையும் அவன் கணக்கில் எழுதினார்கள். அதில் ஒன்று நடந்த அன்று அவன் அம்மாவோடு பழனியில் இருந்தான்.

மூன்றாம் நாள் அந்த அம்மா பட்டறைக்கு வந்தார். கையில் 1,400 ரூபாய். "அண்ணே, இது அவன் அந்தக் கடையில வாங்குன காசு. வேற எதுவும் செலவாகியிருந்தா சொல்லுங்க, அடுத்த மாசச் சம்பளத்துல தந்துடறேன்." பையன் கூடப் படிக்கிறவனின் போனைக் கீழே போட்டு டிஸ்ப்ளேவை உடைத்துவிட்டானாம். 1,800 ரூபாய் தரவில்லை என்றால் வீட்டுக்கு வந்து சொல்லிவிடுவேன் என்று அவன் மிரட்டியிருக்கிறான். இவ்வளவுதான் விஷயம். இதை ஸ்டேஷனில் யாரும் அவனிடம் கேட்கவில்லை. ஏன் எடுத்தாய் என்று கேட்பதற்கென்றே, சமூகப் பின்னணி அறிக்கை என்று, சட்டத்தில் ஒரு படிவம் இருக்கிறது. அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

அன்றே ஸ்டேஷனுக்குப் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு, இனிமே எங்க கையில இல்ல, போர்டுல பாத்துக்கங்க" என்றார்கள். போர்டு என்றால் இளைஞர் நீதிக் குழுமம், சிறார் வழக்கை விசாரிக்கிற இடம். அது இருப்பது மாவட்டத் தலைநகரில், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றே முக்கால் மணி நேரம். ஜாமீனுக்கு இரண்டு பேர் வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும் என்றார்கள். அந்த அம்மா இருப்பது வாடகை வீட்டில். மில்லில் லீவு போட்டால் சம்பளம் போகும், இரண்டு நாளுக்கு மேல் போட்டால் வேலையே போகும். இப்படியே, வழக்கில் சிக்கிய சிறாரை வைத்திருக்கிற கூர்நோக்கு இல்லத்தில் பையன் 19 நாள் இருந்தான். கடைசியில் என் வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு போய் நானே ஜாமீன் நின்றேன். புகார்தாரரே ஜாமீன் நிற்பதைப் பார்த்து அங்கே இருந்த வக்கீல் ஒருவர் சிரித்துவிட்டார். சிரித்த கையோடு அவர்தான் சொன்னார்: சட்டத்தின் 12ஆம் பிரிவில், குற்றம் ஜாமீனில் விடக்கூடியதோ இல்லையோ, பிணையாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிறாரை விடலாம் என்றுதான் இருக்கிறது. விட்டால் கெட்ட சகவாசத்தில் சேருவான், ஆபத்தில் சிக்குவான், நீதிக்கே குந்தகம் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டும் மறுக்கலாம், அந்தக் காரணத்தை எழுதியும் வைக்க வேண்டும். வரி ரசீது இல்லை என்பது அந்தக் காரணங்களில் இல்லை.

19 நாளில் அங்கே என்ன கற்றுக்கொண்டாய் என்று ஒருநாள் பட்டறையில் வைத்து விளையாட்டாகக் கேட்டேன். பூட்டை உடைக்காமல் பைக்கை ஸ்டார்ட் பண்ணுகிற விதத்தைச் சொன்னான். எனக்கே தெரியாதது, நான் முப்பது வருடமாக வயரோடு புழங்குகிறவன். கொலை வழக்கில் வந்த பையன்களோடு ஒரே ஹாலில் படுத்திருந்திருக்கிறான்.

காலாண்டுத் தேர்வு போச்சு. திரும்பிப் போனபோது பள்ளியில், மற்ற பிள்ளைகளின் பெற்றோர் ஆட்சேபிக்கிறார்கள், டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். யார் சொல்லி மற்ற பெற்றோருக்குத் தெரிந்தது என்று கேட்டேன், பதில் இல்லை. அந்த வருடம் மார்ச்சில் அவன் பரீட்சை எழுதவில்லை, அப்புறம் தனித்தேர்வராக எழுதினான். நன்னடத்தை அலுவலர் 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். எங்கள் விஷயத்தில் வீட்டுக்கு ஆள் வந்து பார்த்தது இரண்டாம் மாதம். வந்தவர் நல்லவர், பொறுமையாகக் கேட்டார், ஆனால் இன்னும் எத்தனை வீட்டுக்குத் தனியாளாகப் போக வேண்டும் என்று அவர் கையில் இருந்த பட்டியலைப் பார்த்தபோது அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விசாரணையை நாலு மாதத்தில் முடிக்க வேண்டும், மிஞ்சிப்போனால் இன்னும் இரண்டு மாதம். சிறு குற்றமாக இருந்தால் அதற்கு மேல் போனால் தானாகவே முடிந்துவிடும். 305 போட்டதால் அதுவும் இல்லை. ஒன்பது மாதம் ஓடியது, நான் சாட்சியாக நாலு தடவை போனேன், மூன்று தடவை வாய்தா.

2025 ஜூனில் முடிவு வந்தது. பழைய இரண்டு புகாருக்கும் ஆதாரம் இல்லை. செம்பு விஷயத்தில், அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்ப உத்தரவு. 18ஆம் பிரிவில் இருக்கிற முதல் உத்தரவே அதுதான். நடுவர் அம்மா கனிவாகத்தான் பேசினார். "இனிமே இந்த மாதிரி செய்யக் கூடாது தம்பி, நல்லாப் படிக்கணும்." அவன் தலையாட்டினான்.

ஐயா, இந்த ஒரு வரியை முதல் நாள் சாயங்காலமே, அவன் அம்மாவையும் என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்க முடியாதா?

முடியும் என்பது மட்டும் இல்லை, அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. சட்டத்தின் 3ஆம் பிரிவில் அடிப்படைக் கோட்பாடுகள் என்று வரிசையாக இருக்கிறது. அதில் ஒன்று, சிறார் விஷயங்களை நீதிமன்ற நடவடிக்கைக்குக் கொண்டுபோகாமல் கையாளும் வழிகளை ஊக்குவிக்க வேண்டும் என்பது. ஆங்கிலத்தில் டைவர்ஷன் என்கிறார்கள். ரோடு வேலை நடக்கிற இடத்தில் 'மாற்றுப்பாதையில் செல்லவும்' என்று போர்டு வைப்பார்களே, அதே சொல்தான். அந்தச் சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகளில் 8ஆம் விதி இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது: குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடம் என்கிற கொடிய குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாக இருந்தாலோ தவிர, சிறார் மேல் எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது. பொது நாட்குறிப்பில் எழுதி, சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். பிடித்து வைப்பதும் கொடிய குற்றத்துக்குத்தான், மற்றதில் பையனின் நலனுக்கே அது தேவைப்பட்டால் ஒழிய. ஆக, 303 போட்டிருந்தாலும் 305 போட்டிருந்தாலும் அந்த எஃப்.ஐ.ஆரே வந்திருக்கக் கூடாது.

இன்னொரு வேடிக்கை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவிலேயே, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடியவர், முதல் தடவையாகத் தண்டிக்கப்படுகிறவர், பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவைதான். ஜெயில் கிடையாது. நாற்பது வயது ஆள் என் சாக்கை எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் பூங்காவைப் பெருக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பதினைந்து வயதுக்காரன் 19 நாள் உள்ளே இருந்துவிட்டு வருகிறான்.

நம் ஸ்டேஷன்களில் நடைமுறையில் மூன்று பாதை இருக்கிறது. நாலு தட்டுத் தட்டி அனுப்புவது ஒன்று. எஃப்.ஐ.ஆர். போடுவது ஒன்று. மூன்றாவது, போன் வருவது. போன் போட ஆள் இருக்கிற வீட்டுப் பையனுக்கு மாற்றுப்பாதை என்றைக்கும் திறந்துதான் இருக்கிறது, எங்கள் ஊரில் ஒரு டாக்டர் வீட்டுப் பையன் அடுத்தவர் பைக்கை எடுத்து ஓட்டிக் கவிழ்த்தபோது சாயங்காலத்துக்குள் காபி குடித்துப் பேசி முடித்தார்கள். அது தப்பென்று நான் சொல்லவில்லை. மில்லுக்குப் போகிற அம்மாவுக்கும் அதே நாற்காலியைப் போடுங்கள் என்கிறேன். நாலு தட்டுத் தட்டி அனுப்புவதைத்தான் சில அதிகாரிகள் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் பதிவும் இல்லை, ஏன் செய்தான் என்ற கேள்வியும் இல்லை, நஷ்டப்பட்ட என் போன்றவனுக்கு ஒரு பதிலும் இல்லை.

இதைப் படித்ததும், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்தால் போதுமே என்று சிலர் கிளம்புவார்கள். வேண்டவே வேண்டாம். கட்டப்பஞ்சாயத்தில் யார் சாதி, யார் காசு பேசும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அங்கே இந்தப் பையனுக்கு 19 நாளை விட மோசமாக ஏதாவது நடந்திருக்கும். நான் கேட்பது எழுத்தில் பதிவாகிற, குழுமத்தின் கண் முன்னால் நடக்கிற வழி. நியூசிலாந்தில் 1989இல் சட்டம் போட்டு, மாவோரி மக்களின் குடும்ப வழக்கத்திலிருந்து எடுத்து, பையன், குடும்பம், பாதிக்கப்பட்டவர், போலீஸ் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறார்கள். சிறார் விவகாரங்களில் பெரும்பாலானவை அங்கே கோர்ட்டுக்கே போவதில்லை. நமக்கும் இது எட்டாத விஷயம் இல்லை. சிறாருக்கென்று தனிச் சட்டத்தை 1920லேயே, இந்தியாவில் முதலாவதாக, கொண்டுவந்தது சென்னை மாகாணம்தான்.

"விட்டுவிட்டால் குளிர் விட்டுப் போகும்" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் சக மாணவனை வீடு புகுந்து வெட்டினார்களே, அந்த மாதிரி விஷயங்களுக்கு நான் இந்த வழியைக் கேட்கவே இல்லை, சட்டமும் கொடிய குற்றத்தைத் தனியாகத்தான் வைத்திருக்கிறது. செம்புக் கம்பி, சைக்கிள், செல்போன், பள்ளிக்கூடத்துக்கு வெளியே நடக்கிற அடிதடி, இவற்றைப் பற்றிப் பேசுகிறேன். இவற்றில் உள்ளே தள்ளினால் குளிர் எப்படி விட்டுப் போகிறது என்பதற்கு இந்தப் பையன் பட்டறையில் சொன்ன பைக் வித்தையே சாட்சி.

உள்ளே தள்ளுவதன் இன்னொரு முடிவையும் இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் ஒரு 17 வயதுப் பையன் செத்துப்போனான். ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்டவன். அடித்ததாக இல்லத்தின் ஊழியர்களே கைதானார்கள். அதற்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டு, இல்லங்களை எப்படிச் சீர்செய்வது என்று 2023இல் அறிக்கையும் வாங்கியது. இல்லங்களைச் சீர்செய்ய வேண்டியதுதான். ஆனால் ஒரு பேட்டரிக்காக அந்தப் பையன் அந்த வாசலுக்கே ஏன் போக வேண்டியிருந்தது என்பதும் கேள்விதானே. அவன் அம்மாவை டி.வி.யில் பார்த்த ராத்திரி எனக்கு வேறொருவர் வீட்டுச் சாவு மாதிரித்தான் இருந்தது. பின்னால் நானே ஒருத்தனை அந்த மாதிரி ஒரு வாசலுக்கு அனுப்பி வைத்தேன்.

செம்புக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அந்த 1,400ஐ நான் வாங்கவில்லை. ஜாமீனில் வந்த பிறகு ஆறு ஞாயிற்றுக்கிழமை பட்டறையைக் கூட்டி, சாமான் எடுத்துக் கொடுத்து, கணக்குத் தீர்த்தான். அவனாகக் கேட்டது, நான் சொன்னது இல்லை. இப்போது ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிக்கிறான், சாயங்காலம் வந்து காயில் கட்டப் பழகுகிறான், கை சுத்தம். போர்டு ஒன்பது மாதத்தில் செய்யாததை நாங்கள் மூன்று பேரும் ஆறு ஞாயிற்றுக்கிழமையில் செய்துகொண்டோம். ஜீப் வந்த ராத்திரிக்குப் பிறகு மூன்று நாள் அவன் பட்டறைப் பக்கம் வரவில்லை.

காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களிடம் நான் கேட்பது: கொடிய குற்றம் அல்லாத விஷயங்களில் சிறார் மேல் எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது என்ற விதியை எல்லா ஸ்டேஷனுக்கும் எழுத்து மூலமாகத் திரும்ப அனுப்புங்கள், போட்டால் ஏன் போட்டார்கள் என்று டி.எஸ்.பி. கையெழுத்தோடு காரணம் எழுத வையுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது 107ஆம் பிரிவு. எங்கள் ஸ்டேஷன் சுவரில் அதற்குப் பலகை இருக்கிறது, அதில் இருக்கும் பெயர் மாற்றலாகிப் போனவருடையது, இப்போது யார் என்று கேட்டதற்கு "எல்லாம் எஸ்.ஐ. ஐயாதான்" என்றார்கள். அந்த வேலைக்கு ஆளைப் போடுங்கள், பயிற்சி கொடுங்கள், பந்தோபஸ்துக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். துப்புக் கிடைக்காத பழைய புகாரைச் சிறார் கணக்கில் எழுதியதாகக் குழுமத்தில் தெரியவந்தால் எழுதியவர் மேல் நடவடிக்கை எடுங்கள்.

குழந்தைகள் நலன் துறை இயக்குநர் அவர்களிடம்: சிறு குற்றம், கடுமையான குற்றம் இரண்டிலும், ஒப்புக்கொள்கிற பையனையும் குடும்பத்தையும் புகார்தாரரையும் ஒரு வாரத்துக்குள் ஒன்றாக உட்கார வைக்க ஒரு முறையை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக ஏற்படுத்துங்கள். யூனிஃபார்ம் இல்லாமல், ஒரு சமூகப் பணியாளரோடு, தாலுகா அளவிலேயே. பேசியதை எழுதிக் குழுமத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். ஒப்புக்கொள்ளாதவனை மிரட்டி ஒப்புக்கொள்ள வைக்கிற இடமாக அது மாறாமல் இலவசச் சட்ட உதவி வக்கீல் ஒருவர் கூட இருக்கட்டும். நன்னடத்தை அலுவலர் காலியிடங்களை நிரப்புங்கள். வரி ரசீது இல்லாத காரணத்துக்காக இன்று எத்தனை பிள்ளைகள் கூர்நோக்கு இல்லங்களில் இருக்கிறார்கள் என்று மாவட்டவாரியாக எண்ணி வெளியிடுங்கள். திரும்பி வருகிற பிள்ளையைச் சேர்க்க மறுக்கிற பள்ளி மேல் கல்வித்துறைக்கு எழுதுங்கள்.

கடைசியாக, இருவரிடமும். 2025 ஜூனில் முடிந்த அந்த வழக்கைக் காரணம் காட்டிப் போன வாரம் ராத்திரி அந்தப் பையனைக் கூட்டிப்போக உத்தரவு கொடுத்தது யார் என்று விசாரியுங்கள். அந்த ஸ்டேஷனின் சந்தேகப் பட்டியலில் அவன் பெயர் இருந்தால் அடித்துவிட்டு, அடித்துவிட்டோம் என்று அவன் அம்மாவுக்கு எழுத்தில் கொடுங்கள். குற்ற எண்ணும் ஸ்டேஷன் பெயரும் இருக்கிற தனிக் கடிதம் ஒன்றை உங்கள் இருவர் அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். முப்பது நாளுக்குள் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
அந்த வழக்கின் புகார்தாரர், ஜாமீன்தாரர்,
மோட்டார் காயில் பட்டறை